உறைநிலையில் மிஞ்சிய முளையங்கள்: கொடுப்பவர், பெறுபவர், பிறக்கப்போகும் பிள்ளை

ஐ.வி.எப். சிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற பல தம்பதியரிடம், பிள்ளை பிறந்த பின்னரும் ஒரு கேள்வி மிஞ்சியிருக்கும். அதைப் பற்றி அவர்கள் தாய் தகப்பனிடமும் பேசுவதில்லை, கூடப்பிறந்தவர்களிடமும் பேசுவதில்லை. ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டு, பயன்படுத்தப்படாமல், திரவ நைதரசன் நிரப்பிய கொள்கலனில் உறைந்திருக்கும் முளையங்களை என்ன செய்வது என்பதே அந்தக் கேள்வி. தொடர்ந்து வைத்திருக்கலாம்; அதற்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். அழிந்துபோக விடலாம். ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். நான்காவதாக, பிள்ளை இல்லாத இன்னொரு தம்பதியருக்குக் கொடுக்கலாம். இந்தக் கட்டுரை அந்த நான்காவது வழியைப் பற்றியது.

நான் வைத்தியர் அல்ல. சுகாதார விடயங்களைத் தொடர்ந்து எழுதிவருவதால் என்னிடம் சிலர் விபரம் கேட்பதுண்டு. ஒரே ஆண்டில் இரண்டு இடங்களிலிருந்து இதே கேள்வி வந்தது. ஒருவர் லண்டனில் வாழும் என் பள்ளித் தோழி. அவரிடம் மூன்று முளையங்கள் மிஞ்சியிருந்தன. மற்றவர்கள் வவுனியாவைச் சேர்ந்த, பதினொரு வருடங்களாகப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் கணவனும் மனைவியும். ஒரு கரையில் கொடுக்கலாமா என்று கேட்பவர், மறு கரையில் வாங்கலாமா என்று கேட்பவர்கள். இருவருக்கும் தமிழில் வாசிக்கக் கொடுக்க ஒரு நல்ல கட்டுரை தேடினேன்; கிடைக்கவில்லை. ஆகவே நானே எழுத வேண்டியதாயிற்று.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் நாம் படித்த சொல் முளையம். பேச்சில் கரு என்போம். முட்டையும் விந்தும் சேர்ந்து, கலங்களாகப் பிரிந்து வளரத் தொடங்கிய ஆரம்ப நிலை அது. ஐ.வி.எப். முறையில் பெண்ணுக்கு ஓமோன் ஊசிகள் ஏற்றி, சூலகங்களில் ஒரே தடவையில் பல முட்டைகளை முதிர்ச்சியடையச் செய்து, அவற்றை வெளியே எடுத்து, ஆய்வுகூடத்தில் விந்துடன் சேர்க்கிறார்கள். பத்து முட்டை எடுத்தால் பத்தும் முளையம் ஆவதில்லை. ஐந்தாம் நாள்வரை ஒழுங்காக வளர்ந்து வருபவை பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. அந்த ஐந்தாம் நாள் முளையத்தின் அளவு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். அதில் நூறு, இருநூறு கலங்கள் இருக்கும். முன்னர் இரண்டு மூன்று முளையங்களை ஒரே நேரத்தில் கருப்பையில் வைத்தார்கள். இரட்டைப் பிள்ளைகள், குறைமாதப் பிரசவங்கள் கூடியதால் இப்போது நல்ல இடங்களில் ஒன்றைத்தான் வைக்கிறார்கள். மற்றவை உறைநிலைக்குப் போகின்றன. மிஞ்சுவது இப்படித்தான். அது எவருடைய கவனக்குறைவும் அல்ல, சிகிச்சை முறையே அப்படி.

உறையவைப்பது என்றால் வீட்டு பிரிஜ்ஜில் மீன் வைப்பது போலல்ல. கலத்துக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாக மாறினால் அதன் கூர்முனைகள் கலத்தைக் கிழித்துவிடும். ஆரம்பத்தில் மெதுவாகக் குளிராக்கி இதைச் சமாளித்தார்கள். அதில் கணிசமானவை அழிந்தன. இரண்டாயிரங்களில் பரவலான புதிய முறையில், நீர் பனிக்கட்டியாகும் அவகாசமே இல்லாமல் கணப்பொழுதில் கண்ணாடி போல உறைகிறது. இந்த முறையில் உருக்கி எடுக்கும்போது பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை உயிர்பிழைக்கின்றன. திரவ நைதரசனின் வெப்பநிலை சைபருக்குக் கீழே 196 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் உயிரியல் மாற்றம் எதுவும் நடப்பதில்லை. முளையத்துக்கு வயது ஏறுவதும் இல்லை. 2025 ஜூலையில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த தம்பதியருக்குப் பிறந்த ஆண்குழந்தை, 1994 இல் உறையவைக்கப்பட்ட முளையத்தில் இருந்து பிறந்தது. அதே சிகிச்சையில் உருவாகி அந்தக் காலத்திலேயே பிறந்துவிட்ட அவனுடைய மரபுவழி அக்காவுக்கு அவன் பிறந்தபோது முப்பது வயது, அவரே ஒரு பிள்ளைக்குத் தாய். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் பல சிக்கல்கள் இதற்குள்தான் இருக்கின்றன.

பெறுபவர் பக்கத்தில் சிகிச்சை ஒப்பீட்டளவில் இலகுவானது. முட்டை எடுக்கத் தேவையில்லை. ஈஸ்திரஜன், புரொஜெஸ்திரோன் மருந்துகளால் கருப்பையின் உட்சுவரைத் தயார்செய்து, உருக்கிய முளையத்தை மெல்லிய குழாய் வழியாக உள்ளே வைப்பார்கள். மயக்கமருந்தும் பெரும்பாலும் வேண்டியதில்லை. முட்டையிலும் விந்திலும் ஒருசேரப் பிரச்சினை உள்ளவர்கள், இளவயதிலேயே மாதவிடாய் நின்றுபோனவர்களில் கணவருக்கும் குறைபாடு உள்ளவர்கள், பலதடவை ஐ.வி.எப். செய்து தோற்றவர்கள் ஆகியோருக்கு இது ஒரு வழி. வெற்றிவாய்ப்பைப் பெரிதும் தீர்மானிப்பது பெறும் பெண்ணின் வயதைவிட, முட்டை எடுக்கப்பட்டபோது கொடுத்த பெண்ணுக்கு என்ன வயது என்பதே. முப்பது வயதில் உருவாக்கிய முளையம், பெறுபவருக்கு நாற்பத்திரண்டு ஆனாலும், முப்பது வயதின் தரத்தோடுதான் இருக்கும். ஆயினும் ஒரு முளையத்தை ஒரு குழந்தை என்று கணக்குப் போடக் கூடாது. நல்ல கிளினிக்குகளிலும் கணிசமான முயற்சிகள் வெற்றியளிப்பதில்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும். கொடுக்கும் இருவருக்கும் எச்.ஐ.வி., ஈரலழற்சி பி மற்றும் சி, சிபிலிஸ் ஆகிய பரிசோதனைகள் அவசியம். குடும்பத்தில் பரம்பரை நோய்கள் உண்டா என்ற விபரம் வேண்டும். நம் நாட்டைப் பொறுத்தவரை தலசீமியா காவிகளா என்று பார்ப்பது கட்டாயம் என்பது என் கருத்து. கணவன் மனைவி இருவரும் காவிகளாக இருந்தால் நான்கில் ஒரு பிள்ளைக்கு நோய் வர வாய்ப்புண்டு. தங்கள் பிள்ளைக்கு வராததால் அந்தத் தம்பதியர் அதை அறியாமலே இருந்திருக்கலாம்.

விமான விபத்தும் ஒரு சட்டமும்

உலகின் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1984 இல், உறையவைத்த முளையத்தில் இருந்து முதல் குழந்தை அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் பிறந்தது. அதே ஆண்டு அதே நகரில் இன்னொரு விடயம் வெளிவந்தது. லொஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஒரு செல்வந்தத் தம்பதியர் மெல்பேர்ணுக்கு வந்து சிகிச்சை பெற்றிருந்தார்கள். முதல் முயற்சி கருச்சிதைவில் முடிந்தது. இரண்டு முளையங்களை உறைநிலையில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். 1983 இல் சிலியில் நடந்த விமான விபத்தில் இருவரும் இறந்துபோனார்கள். தாங்கள் இறந்தால் முளையங்களை என்ன செய்வது என்று அவர்கள் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. இவற்றுக்குச் சொத்துரிமை உண்டா? யாருக்காவது கொடுக்கலாமா? அழித்தால் அது கொலையா? பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதின. அரசு நியமித்த குழு, அவற்றை அழியவிடலாம் என்றது. விக்ரோறியா மாநிலப் பாராளுமன்றத்தின் மேலவையோ, இன்னொரு பெண்ணின் கருப்பையில் வைக்க முயற்சிக்கலாம் என்று சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. இந்தத் துறையில் உலகின் ஆரம்பகாலச் சட்டங்களில் ஒன்றாகிய விக்ரோறியாவின் 1984 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வாதங்களின் நடுவிலேயே பிறந்தது.

இதிலிருந்து வந்த நடைமுறைப் பாடம் ஒன்று இன்று எல்லா நல்ல கிளினிக்குகளின் படிவத்திலும் இருக்கிறது. இருவரில் ஒருவர் இறந்தால், இருவரும் இறந்தால், விவாகரத்து நடந்தால், முளையங்களை என்ன செய்ய வேண்டும் என்று சிகிச்சை தொடங்கும் முன்னரே கேட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். சிகிச்சைக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் தம்பதியர் அந்தப் பக்கத்தை வாசிக்காமலே கையெழுத்திடுவதுண்டு. வாசியுங்கள்.

பிரித்தானியா வேறொரு விதமாகக் கற்றுக்கொண்டது. 1990 ஆம் ஆண்டுச் சட்டம் முளையங்களை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. காலக்கெடு முடிந்ததும், 1996 ஓகஸ்டில், பெற்றோரிடமிருந்து பதில் வராத சுமார் 3,300 முளையங்கள் அழிக்கப்பட்டன. பலர் முகவரி மாறியிருந்தார்கள். 2022 ஜூலை முதல் அந்த எல்லை 55 ஆண்டுகளாக நீட்டப்பட்டிருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

தானமா, தத்தா?

அமெரிக்காவில் இதற்கு இரண்டு பெயர்கள் போட்டி போடுகின்றன. வைத்தியர்கள் முளையதானம் என்கிறார்கள். 1997 இல் கலிபோர்னியாவில் ஒரு கிறிஸ்தவத் தத்தெடுப்பு நிறுவனம் 'ஸ்னோஃப்ளேக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, அதை முளையத் தத்தெடுப்பு என்று அழைத்தது. கொடுப்பவர்கள் பெறுபவர்களைத் தெரிவுசெய்யலாம். பெறுபவர்களின் வீடு, வருமானம், குணநலன் எல்லாம் தத்தெடுப்பில் போலவே விசாரிக்கப்படும். 2003 இல் டெனசி மாநிலத்தின் நொக்ஸ்வில் நகரில் இதற்கெனவே ஒரு தேசிய நிலையம் தொடங்கியது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தத்து என்று சொன்னால், உறைகுழாயில் இருப்பது ஏற்கனவே ஒரு பிள்ளை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 2024 பெப்ரவரியில் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம், பிள்ளையின் தவறான மரணத்துக்கு நட்டஈடு கேட்கும் சட்டம் உறைந்த முளையங்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த நாட்களில் அங்கே பல கிளினிக்குகள் ஐ.வி.எப். சிகிச்சையையே நிறுத்திவைத்தன. மார்ச் மாதம் சட்டசபை அவசரமாகக் கூடிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய பின்னரே மீண்டும் தொடங்கின. பிள்ளை வேண்டித் தவமிருந்தவர்களே அந்தத் தீர்ப்பால் முதலில் பாதிக்கப்பட்டார்கள்.

தமிழில் தானம் என்ற சொல்லிலும் ஒரு இடைஞ்சல் உண்டு. இரத்ததானம் செய்தவர், யாருக்குப் போனது என்று கேட்பதில்லை. கண்தானம் செய்பவர் அப்போது உயிருடன் இல்லை. கொடுத்ததோடு உறவு அறுந்துவிடுவதே தானத்தின் இலக்கணம். முளையத்தில் அது அறுவதில்லை. அது கொடுத்தவர்களின் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு முழுச் சகோதரம். அதே தாயின் முட்டை, அதே தகப்பனின் விந்து. என் தோழி இதை எந்தச் சட்டப் புத்தகத்தையும் பார்க்காமலே சொன்னாள்: "ஒவ்வொரு வருசமும் கிளினிக்கில இருந்து கடிதம் வருகுது. எறியச் சொல்லவும் மனம் வருகுதில்லை. குடுத்தா, என்ர பிள்ளையளின்ர கூடப்பிறந்தது எங்கயோ வளரும், அதுகளுக்கு இதுகளைத் தெரியாது. இதுகள் பெரிசானாப் பிறகு என்னைக் கேக்காதுகளோ?"

அவளுடைய கணவருக்குக் கொடுப்பதில் முழு விருப்பம். பிரித்தானியச் சட்டத்தில் அது போதாது. இருவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். முளையம் பெறுபவரின் கருப்பையில் வைக்கப்படும் கணம்வரை இருவரில் எவரும் அதைத் திரும்பப் பெறலாம். இந்த விதி எவ்வளவு இறுக்கமானது என்பதை 'ஈவன்ஸ் எதிர் ஐக்கிய இராச்சியம்' வழக்கு காட்டியது. நோய் காரணமாகச் சூலகங்கள் அகற்றப்பட இருந்த ஒரு பெண், அதற்கு முன் தன் துணைவருடன் ஆறு முளையங்களை உருவாக்கி வைத்தார். உறவு முறிந்தது. துணைவர் சம்மதத்தை விலக்கிக்கொண்டார். தன் சொந்தப் பிள்ளைக்கான கடைசி வாய்ப்பு அது என்று அந்தப் பெண் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை போனார். 2007 ஏப்ரலில் அங்கும் தோற்றார். இன்னொருவரைப் பெற்றோராகும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பதே அதன் சாரம்.

கொடுக்க விரும்புவதாக ஆரம்பத்தில் சொல்பவர்களில் பலர், தங்களுக்குப் பிள்ளை பிறந்த பின் மனம் மாறிவிடுகிறார்கள். இது பல நாடுகளின் அனுபவம். புள்ளியாக இருந்தது, மடியில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பெற்றுவிடுகிறது. இதைச் சுயநலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

எம்மவர் வாழும் நாடுகளில்

புலம்பெயர்ந்த எம்மவர் வாழும் நாடுகளில் சட்டம் பெரிதும் வேறுபடுகிறது. லண்டனில் இருப்பவர் சூரிச்சில் இருக்கும் மச்சாளுக்கு ஆலோசனை சொன்னால் அது பிழையாகத்தான் போகும்.

பிரித்தானியாவில் உரிமம் பெற்ற கிளினிக் மூலம் கொடுத்தால், கொடுத்தவர்களுக்குப் பிறக்கும் பிள்ளை மீது எந்த உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. பெற்றெடுத்தவரே சட்டப்படி தாய். ஒருவரின் கொடையிலிருந்து பத்துக் குடும்பங்களுக்கு மேல் பிள்ளை பெற முடியாது. 1991 ஓகஸ்ட் முதல் எல்லாச் சிகிச்சைகளும் ஒரு மத்திய பதிவேட்டில் இருக்கின்றன. 2005 ஏப்ரல் முதலாம் திகதிக்குப் பின் கொடுத்தவர்களின் பெயர், பிறந்த திகதி, கடைசியாக அறிந்த முகவரி ஆகியவற்றை, பிறந்த பிள்ளை 18 வயதில் கேட்டுப் பெறலாம். கொடுத்தவர்கள் தங்கள் கொடையால் எத்தனை பிள்ளைகள், ஆணா பெண்ணா, எந்த ஆண்டில் பிறந்தார்கள் என்பதை மட்டும் அறியலாம். பெயரை அறிய முடியாது. என் தோழியின் பயத்துக்கு இது பாதிப் பதில். தேடும் உரிமை மற்றப் பிள்ளைக்கு இருக்கிறது. தேடுவதா இல்லையா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம்.

சுவிற்சர்லாந்தில் கேள்விக்கே இடமில்லை. முளையதானம் அந்நாட்டு அரசியலமைப்பின் 119 ஆவது உறுப்புரையாலேயே தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஜேர்மனியில் முட்டைதானம் தடை. முளையதானம் மிகக் குறுகிய எல்லைக்குள் மட்டும். பிரான்சில் 1994 முதல் அனுமதி உண்டு. 2022 செப்ரெம்பர் முதல், பிள்ளைக்கு 18 வயதானதும் தங்கள் அடையாளத்தை வெளியிடச் சம்மதிப்பவர்களே கொடுக்கலாம். கனடாவின் 2004 ஆம் ஆண்டுச் சட்டம் முளையத்தை விலைக்கு வாங்குவதைக் குற்றமாக்குகிறது. அதிகபட்ச தண்டனை பத்தாண்டு சிறை அல்லது ஐந்து இலட்சம் டொலர் அபராதம், அல்லது இரண்டும். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் எல்லோரையும்விட ஒரு படி மேலே போனது. 2017 மார்ச் முதல், எந்தக் காலத்தில் கொடுத்திருந்தாலும், அநாமதேயம் என்று உறுதியளிக்கப்பட்டிருந்தாலும்கூட, பிள்ளைக்கு விபரம் அறியும் உரிமை உண்டு. கொடுத்தவருக்கு அன்று அளித்த வாக்கை மீறியதாகச் சிலர் கோபித்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. வாக்குக் கொடுத்த இரு தரப்பிலும் அந்தப் பிள்ளை இருக்கவில்லை.

சட்டம் இருந்தால் தவறு நடக்காது என்பதல்ல. 2025 ஏப்ரலில் பிரிஸ்பேனில் இருந்து வந்த செய்தி இது. ஒரு பெண்ணின் கருப்பையில் வேறொரு தம்பதியரின் முளையம் தவறுதலாக வைக்கப்பட்டு, பிள்ளையும் பிறந்துவிட்டது. மிச்ச முளையங்களை வேறு இடத்துக்கு மாற்றக் கேட்டபோது, கணக்கில் ஒன்று கூடுதலாக இருந்ததால்தான் விடயம் தெரியவந்தது. கணக்கு ஒன்று இருந்தது. அதனால் பிழை பிடிபட்டது.

இனி இந்தியா. இலங்கைத் தம்பதியர் பலர் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகிறார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2021 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி, முளையங்களை அதிகபட்சம் பத்து ஆண்டுகள் வைத்திருக்கலாம். அதன்பின் அழியவிட வேண்டும், அல்லது தம்பதியரின் சம்மதத்துடன் பதிவுசெய்யப்பட்ட ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். வேறொரு தம்பதியருக்குக் கொடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. முளையங்களை விற்பதும் மற்றவருக்கு மாற்றுவதும் தடை; தேசிய சபையின் அனுமதியுடன் தங்களுடைய முளையத்தைத் தாங்களே பயன்படுத்தக் கொண்டுபோவதற்கு மட்டுமே விலக்கு. வவுனியாத் தம்பதியரிடம் ஒரு முகவர் சொன்னது வேறு: "கரு ரெடியா இருக்கு. காசைக் கட்டினால் அடுத்த மாதமே வைக்கலாம். ஒருத்தருக்கும் தெரியவராது." யாருடைய கரு என்று கணவர் கேட்டதற்கு, "நல்ல குடும்பம்" என்பது மட்டுமே பதில்.

ஒருத்தருக்கும் தெரியவராது என்பதை அந்த முகவர் ஒரு வசதியாக விற்றார். என் பார்வையில், அந்த வியாபாரத்தில் மிக ஆபத்தான பொருள் அதுதான்.

இலங்கையில்

இதை எழுதும்வரை இலங்கையில் செயற்கைக் கருத்தரிப்புக்கெனப் பாராளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம் இல்லை. சிகிச்சை பெரும்பாலும் தனியார் நிலையங்களில் நடக்கிறது. முளையம் கொடுப்பவரின் பெயரைப் பாதுகாக்கும் மத்திய பதிவேடு இல்லை. எத்தனை குடும்பங்கள் என்ற எல்லை இல்லை. பிறந்த பிள்ளை கேட்பதற்கு ஒரு கதவு இல்லை. திருமண காலத்தில் பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளையே என்று சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 112 ஆம் பிரிவு அனுமானிக்கிறது. 1895 இல் எழுதப்பட்ட அந்தப் பிரிவை நம்பித்தான் இன்று ஒரு குடும்பம் இந்த வழியில் இறங்க வேண்டியிருக்கிறது. யாரும் வழக்குப் போடாதவரை அது தாங்கும். முதுசச் சொத்தில் பங்கு என்று வந்தால், சித்தப்பா பெரியப்பா வீடுகளில் யார் என்ன கிளப்புவார்கள் என்பது எங்கள் ஊர்களில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

பதிவேட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு எங்கள் நாட்டின் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையில் இருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்தாகப் போனார்கள். பலருடைய ஆவணங்கள் போலியானவை. தாய் என்று காட்டப்பட்டவர்களில் சிலர், நீதிமன்றத்தில் நிற்பதற்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள். 2017 இல் நெதர்லாந்தின் ஒரு தொலைக்காட்சி விவரணத்துக்குப் பின் விடயம் பெரிதாகியது. சுவிஸ் அரசு 2020 இல் கவலை தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. அந்தப் பிள்ளைகள் இப்போது நடுத்தர வயதில், கையில் ஒரு பொய்யான பிறப்புச் சான்றிதழுடன் வந்து, ஊர் ஊராகத் தாயைத் தேடுகிறார்கள். காகிதத்தில் இருக்கும் பெயருடைய பெண்ணைக் கண்டுபிடித்து, கட்டியழுது, பின்னர் மரபணுப் பரிசோதனையில் அவர் தாயில்லை என்று அறிந்தவர்களும் உண்டு. அன்றும் ஒருத்தருக்கும் தெரியவராது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மரபணுப் பரிசோதனை இப்போது தபாலில் வருகிறது. வெளிநாட்டில் பிறந்த ஒரு மருமகன் நத்தார் பரிசாகக் கிடைத்த பெட்டியில் எச்சிலைத் துப்பி அனுப்பினால், ஒரு குடும்பத்தின் முப்பது வருட இரகசியம் ஆறு வாரத்தில் அவிழ்ந்துவிடலாம். அநாமதேயம் என்று இனி எந்தக் கிளினிக்காலும் உண்மையாக உறுதிதர முடியாது.

சமயங்கள் என்ன சொல்கின்றன என்று இருவருமே கேட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபை ஐ.வி.எப். முறையையே ஏற்பதில்லை. 2008 இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், உறைந்த முளையங்களைத் தத்தெடுக்கும் நோக்கம் பாராட்டத்தக்கது என்றாலும் அதிலும் சிக்கல்கள் உண்டு என்று முடித்தது. சுன்னி இஸ்லாமிய அறிஞர்களில் பெரும்பாலோர் கணவன் மனைவி அல்லாத மூன்றாமவரின் பங்கை ஏற்பதில்லை. ஷியா நாடான ஈரானோ 2003 இல், நீதிமன்ற அனுமதியுடன் முளையதானத்துக்கு வழிவகுக்கும் சட்டத்தையே இயற்றியது. சைவர்களுக்கு இப்படித் தீர்ப்புச் சொல்லும் ஒரு பீடம் இல்லை. தேவகியின் வயிற்றில் இருந்த கரு உரோகிணியின் வயிற்றுக்கு மாற்றப்பட்டுப் பலராமன் பிறந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காலத்திலேயே எங்களிடம் ஐ.வி.எப். இருந்தது என்று வட்ஸ்அப்பில் எழுதுபவர்களை விட்டுவிடுவோம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு: பலராமன் யாருடைய கரு, யார் பெற்ற பிள்ளை என்பது கதை கேட்கும் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒளிவுமறைவு கம்சனுக்கு மட்டும்தான்.

எங்கள் சமூகத்தில் பேசப்படாத வேறு இரண்டு விடயங்களும் உண்டு. ஒன்று சாதி. "எங்கட ஆக்களின்ர கருவா?" என்ற கேள்வி வைத்தியரின் மேசைவரை வருகிறது என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். மற்றது திருமணம். சிறிய சமூகம், ஒரு மாவட்டத்துக்குள்ளேயே சம்பந்தம் பேசுகிறோம். கணக்கு வைக்காமல் கொடையாளர்களைப் பயன்படுத்தினால், தெரியாமலே சகோதரங்கள் மணமேடையில் சந்திக்கும் சாத்தியம் எங்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதல். பத்துப் பொருத்தமும் பார்ப்போம். அந்த ஒன்றைச் சாதகக்குறிப்பில் பார்க்க முடியாது.

பிள்ளையிடம் சொல்வதா என்ற கேள்விக்கு ஆய்வுகளின் பதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சூசன் கோலம்பொக் குழுவினர், முட்டைதானம், விந்துதானம், வாடகைத்தாய் வழியாகப் பிறந்தவர்களைக் குழந்தைப் பருவத்தில் இருந்து இருபது வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். 2023 இல் வந்த முடிவில், இந்தக் குடும்பங்களின் உறவு மற்றக் குடும்பங்களைப் போலவே நன்றாக இருந்தது. அதிலும் ஏழு வயதுக்கு முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையே மனக்கசப்புக் குறைவாக இருந்தது. சிறுபிள்ளைக்கு இது ஒரு கதை. இருபத்தைந்து வயதில் தற்செயலாகக் கேள்விப்படுபவருக்கு அது காலுக்கடியில் நிலம் நழுவுவது போல.

வவுனியாத் தம்பதியருக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். எந்த நாட்டில் செய்தாலும் முகவரிடம் பேசாதீர்கள், கிளினிக்கின் வைத்தியரிடம் நேரே பேசுங்கள். அந்த நாட்டுச் சட்டம் முளையதானத்தை அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அனுமதிக்காத இடத்தில் மலிவாகக் கிடைப்பது பின்னர் மிக விலையாகும். முட்டை கொடுத்த பெண்ணின் அப்போதைய வயது, முளையம் எந்த ஆண்டில், எந்த முறையில் உறையவைக்கப்பட்டது, தொற்று மற்றும் தலசீமியாப் பரிசோதனை அறிக்கைகள், இருவரின் எழுத்துமூலச் சம்மதம் உண்டா என்பதைக் கேளுங்கள். பெயரை மறைத்துத் தந்தாலும் பரவாயில்லை. கொடுத்தவர்களுக்கு ஏற்கனவே எத்தனை பிள்ளைகள், அதே தொகுதியில் இருந்து வேறு குடும்பங்களுக்கும் போகிறதா என்று கேளுங்கள். கொடுப்பவர்களாக இருந்தால், மனம் மாறினால் எந்தக் கட்டம்வரை நிறுத்தலாம், பிள்ளை பிறந்ததா என்பதை உங்களுக்குச் சொல்வார்களா என்று கேளுங்கள். கணவனும் மனைவியும் தனித்தனியே உளவள ஆலோசகரைச் சந்தியுங்கள். ஒருவர் முன்னால் மற்றவர் சொல்லத் தயங்குவது அங்கேதான் வெளிவரும். ஒவ்வொரு படிவத்தின் பிரதியையும், முளையத்துக்குரிய இலக்கத்துடன், உங்கள் வீட்டில் பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கும் இடத்திலேயே வையுங்கள். கடைசியாக, அந்தக் கிளினிக் நாளை மூடப்பட்டால் பதிவுகள் யாரிடம் ஒப்படைக்கப்படும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.